திரிந்த சாட்சி

அத்தியாயம் ஆறு

வரவேற்பறையில் நின்றிருந்த இயக்குநரின் உயரம் பன்னிரண்டு அடி. அட்டையில் வெட்டி, வர்ணம் பூசி, பின்னால் இரண்டு சட்டம் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு கண்ணாடிக் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உலகத்தின் கஷ்டமெல்லாம் அதற்குள் கரைந்துவிட்டது போலச் சிரித்தார். காலடியில் கொட்டை எழுத்தில்: 'நடுக்கத்தை நிறுத்தப் பிறந்த கை.'

"அண்ணி, குழாய் காலியா இருக்கே," என்றான் டானிக்.

"சத்தமா சொல்லாதே தம்பி. நிரப்பச் சொல்லி ஒரு குழு போட்டுடுவாங்க."

டானிக் அவன் பெயரல்ல. ஒன்பது வருடம் டாக்டர் வீட்டு வாசல்களில் தவம் கிடந்து சத்து டானிக் விற்றவன். அதைக் குடித்துச் சத்து வந்தது கம்பெனி முதலாளிக்கு மட்டும்தான் என்று தெரிந்ததும் வேலையை விட்டான். அதே சமயம் அவனுடைய அண்ணன் மனைவி, இருபத்திரண்டு வருடம் உணவுக் கலப்பட ஆய்வாளராக இருந்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அவள் தெருவில் வந்தால் பால் வண்டிகள் சந்தில் திரும்பிவிடும் என்று பெயர் எடுத்தவள். டானிக் அவளுடைய பையைத் தூக்க வந்தான். வாயையும் கூடவே கொண்டு வந்துவிட்டான்.

நிஜ இயக்குநர் மாடியில் இருந்தார். அட்டை இயக்குநரைவிட ஆறரை அடி குறைவு. அந்தக் குறையைப் பேச்சில் ஈடு கட்டினார். கட்டடத்தில் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் அவரை 'கட்-அவுட்' என்றார்கள். பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றவர் அவருடைய மகளைக் கட்டியவர், புரதத் தயாரிப்புப் பிரிவின் தலைவர். அவரை எல்லாரும் 'மாப்பிள்ளை' என்றார்கள். அந்தப் பெயரை மட்டும் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

"விஷயம் ரொம்பச் சின்னது மேடம்," என்றார் கட்-அவுட். "மூளையில ஒரு புரதம் இருக்கு. அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கட்டி தட்டிப் போச்சுன்னா நரம்பு சாகும். கை நடுங்கும், கால் நடுங்கும். அந்தப் புரதத்தை நாங்க பாக்டீரியாவுக்குள்ள விளைய வெச்சு எடுக்கறோம். அதுல என் மருந்தைப் போட்டா கட்டி தட்டறது நிக்குது. மருந்து பேரைக் கீழே பார்த்திருப்பீங்க."

பார்த்திருந்தார்கள். மருந்துக்குத் தன் பெயரின் முன்பாதியையே வைத்திருந்தார். பின்பாதியை அடுத்த மருந்துக்காகப் பத்திரப்படுத்தியிருக்கிறார் போலிருக்கிறது என்று டானிக் நினைத்துக்கொண்டான்.

"இந்த நேரத்துல ஒரு பொண்ணு. என் மாணவிதான். 'என் புரதத்துல உங்க மருந்து வேலை செய்யலை'ன்னு எனக்கே கடுதாசி எழுதறா. எனக்கு! சரி, சின்னப் பொண்ணுன்னு விட்டேன். போன ஞாயித்துக்கிழமை வந்து, மருந்துக்குன்னு வெச்சிருந்த சிவப்பு மூடிக் குழாய் முப்பத்தாறையும் கொதிநீர்ல போட்டு நாசம் பண்ணிட்டுப் போயிட்டா. மூணு மாச உழைப்பு."

"யாரோட உழைப்பு?" என்றாள் அண்ணி.

"நிறுவனத்தோட உழைப்பு."

"ஓ. அவர் இன்னிக்கு வந்திருக்காரா?"

கட்-அவுட்டுக்குப் புரியவில்லை. புரியாதவற்றைத் தாண்டிப் போவது அவருக்குப் பழக்கம்.

"லேப் கதவைத் திறந்தது அவ அடையாள அட்டைதான். பதிவாயிருக்கு."

"அட்டையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்களா?"

"இல்லை மேடம்," என்றார் மாப்பிள்ளை. அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை. "கீழே ஆணிப் பலகையில மாட்டிட்டுப் போயிடுவாங்க."

"அப்போ வந்தது அட்டை. கூட யார் கால் வந்ததுன்னு பதிவாகலை."

கட்-அவுட் அதையும் தாண்டினார். மேஜை மேல் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பெருமையாக முன்னால் தள்ளினார். ஏதோ கோப்பை வைக்கச் செய்த பெட்டி. உள்ளே ஒரு தாங்கியில் சுண்டுவிரல் நீளத்தில் பிளாஸ்டிக் குழாய்கள், எல்லாவற்றுக்கும் சிவப்பு மூடி. பாதிக்கு மேல் மூடி திறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கெட்டியாக ஏதோ உறைந்திருந்தது.

"பாருங்க. எப்படித் திரிஞ்சு போய்க் கிடக்கு பாருங்க. அயோக்கியத்தனம்!"

அண்ணி பெட்டியைத் திறந்தாள். நாற்றம் அறையைச் சுற்றி வந்தது. அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு மூடியாகக் கிட்டப் பார்த்தாள். முப்பத்தாறும் பார்த்தாள். உள்ளே இருந்ததைவிட மூடியைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"மாமா, இதை இன்னும் எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்றார் மாப்பிள்ளை. குரல் கெஞ்சியது. "நாத்தம் தாங்கலை. எரிச்சிடலாம்."

"சாட்சி மாப்பிள்ளை, சாட்சி! நாலு மணிக்குக் குழு வருது, அவங்க கண்ணால பார்க்கட்டும். மிச்சம் நாலு சிவப்பு மூடி ஃப்ரீசர்ல இருக்கு. அதையும் பூட்டிட்டேன். சாவி என் பையில." அவர் அண்ணியின் பக்கம் திரும்பினார். "நாலு நாள்ல ஆறு தடவை கேட்டுட்டார், தூக்கிப் போட்டுடலாம்னு. இளகின மனசு. பார்க்கப் பார்க்க வயித்தெரிச்சல் அவருக்கு."

"தெரியுது," என்றாள் அண்ணி.

"நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம். அறிக்கையை நாங்களே தட்டெழுதி வெச்சிருக்கோம். 'நாசம் செய்தது மேற்படி மாணவியே.' அடியில உங்க கையெழுத்து மட்டும்."

அண்ணி அந்தக் காகிதத்தை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் போட்டாள். "நல்ல தாள். பின்பக்கம் வெறுமையா இருக்கு, எழுதிக்கலாம்."

*

மாணவியை மாடி ஏறக் கூடாது என்று தடுத்திருந்தார்கள். படிக்கட்டுக்கு அடியில், தீயணைக்க வைத்த மணல் வாளிக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான்கு நாளாக அலுவலக நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். எதைச் சொன்னாலும் 'ஏன்?' என்று கேட்பாளாம். அதனால் லேப்பில் அவளுக்கு 'ஏனம்மா' என்று பெயர்.

"நாலு மணிக்கு என்ன ஆகும்?" என்று கேட்டான் டானிக்.

"என்னை நீக்கிடுவாங்க சார். அஞ்சு வருஷ ஆராய்ச்சி போயிடும். அது கூடப் பரவாயில்ல, நாசம் பண்ணினவன்னு பேர் வந்துட்டா அப்புறம் எந்த லேப்லயும் கதவைத் திறக்க மாட்டாங்க." அழவில்லை. ஒரு கணக்கைச் சொல்வது போலச் சொன்னாள். ஆனால் விரல்கள் மடியிலிருந்த ஒன்பது பக்க விளக்கக் கடிதத்தின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தன. அதை இதுவரை யாரும் வாங்கிப் படிக்கவில்லை.

அண்ணி வாங்கினாள். நின்றபடியே ஒன்பது பக்கமும் படித்தாள். பிறகு மாணவிக்குக் கொடுத்த குற்றச்சாட்டுத் தாளையும் கேட்டு வாங்கிப் படித்தாள். அது மூன்று வரிதான்.

"'திட்டமிட்டு நாசம் விளைவித்தது.' எப்படி நாசம்னு போடலையே?"

"ஏன் போடலைன்னு நானும் கேட்டேன் மேடம். உனக்கே தெரியும்னாங்க."

"குழாயைக் கண்ணால காட்டினாங்களா?"

"இல்லை. ஏன், என்ன ஆச்சு அதுக்கு?"

டானிக் வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அதை அப்புறம் பார்ப்போம். இந்தப் புரதத்தை எப்படித் தயார் பண்றீங்கன்னு சொல்லும்மா. எனக்குப் புரியற மாதிரி. தம்பிக்கும் புரிஞ்சா இன்னும் விசேஷம்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான்கு நாளில் முதல் தடவையாக ஒருவர் அவளிடம் வேலையைப் பற்றிக் கேட்கிறார்.

"மனுஷனோட மரபணுவை எடுத்து பாக்டீரியாவுக்குள்ள நுழைச்சிடுவோம் மேடம். அது தன் வேலைன்னு நினைச்சுக்கிட்டு நம்ம வேலையைச் செய்யும்."

"எங்க அண்ணன் மாதிரி," என்றான் டானிக்.

"மேல சொல்லும்மா, அவன் கிடக்கான்."

"நிறைய விளைஞ்சதும் பாக்டீரியாவை உடைச்சு, கொதிக்க வெச்சு, வேகமாச் சுத்தி, கசடு அடியில தங்கினதும் மேல தெளிவா நிக்கறதை எடுத்து, வடிகட்டி, சின்னக் குழாய்ல ஊத்தி உறைய வைப்போம். எல்லாம் ஒரே புரதம்தான். வெள்ளை மூடியில மருந்து போட மாட்டோம். சிவப்பு மூடியில மருந்து போடுவோம். ரெண்டுலயும் ஒரு சாயத்தைக் கலந்து நாள் கணக்கா குலுக்குவோம். புரதம் கட்டி தட்டத் தட்ட சாயம் ஒளி விடும். மருந்து வேலை செஞ்சா ஒளி வராது."

"மாப்பிள்ளையோட குழாய்ல?"

"வெள்ளை மூடி பளபளன்னு ஒளிரும். சிவப்பு மூடி இருட்டா இருக்கும். அதைக் காட்டித்தான் கீழே அந்த அட்டை."

"உன் குழாய்ல?"

"நானே விளைய வெச்ச புரதம். மருந்து போட்டாலும் ஒளிருது, போடாட்டியும் ஒளிருது. ஏன்னு கேட்டேன். அவ்வளவுதான் மேடம் நான் பண்ணின தப்பு."

அண்ணியின் உதட்டில் ஒரு ஓரம் மட்டும் கீழே இறங்கியது. பாலில் விரலை விட்டு எடுத்து, விரலைப் பார்த்துவிட்டு, பிறகு பால்காரனைப் பார்ப்பாளே, அந்த முகம். டானிக்குக் குஷி பிறந்துவிட்டது.

"தம்பி, ஸ்டோருக்குப் போ. புரதம்னு பேர் எழுதினதுலயே அள்ள அள்ளக் கிடைக்கிற மட்டமான சரக்கு எது, அதை யார் அதிகம் வாங்கறாங்க, கேட்டுட்டு வா. சிரிக்காம கேளு."

"முகத்தை எப்படி வெச்சுக்கணும்?"

"டானிக் வித்தப்போ வெச்சுக்கிட்ட மாதிரி."

*

ஸ்டோர்காரர் ஒரு கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். உலகத்தில் எல்லாரும் தன்னிடமிருந்து எதையாவது வாங்கிப் போகவே பிறந்தவர்கள் என்ற வருத்தம் அவர் முகத்தில் நிரந்தரமாக இருந்தது.

"புரதமா? எந்தப் புரதம்? நல்லதா, சும்மாவா?"

"சும்மா."

"அல்புமின். மாட்டு ரத்தத்துலேர்ந்து எடுக்கற பொடி. எல்லா லேப்லயும் கிடக்கும், நம்ம வீட்டு உப்பு மாதிரி. கரைச்சா தண்ணி மாதிரி தெளிவா நிக்கும்."

"யார் அதிகமா வாங்கறது?"

"மாப்பிள்ளை சார். இந்த வருஷம் மட்டும் அஞ்சு பாட்டில். மத்தவங்க எல்லாரும் சேர்ந்து ஒண்ணு."

"அவ்வளவு எதுக்கு அண்ணே?"

"நான் எதுக்குக் கேக்கறேன்? கேட்ட பொண்ணு மணல் வாளிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கு."

டானிக் திரும்பி வந்தபோது அண்ணி லேப்பில் நின்றிருந்தாள். ஜன்னல் ஓரத்தில் தட்டு மாதிரி ஒரு எஃகுத் தொட்டி, அதில் ஆவி பறக்கும் தண்ணீர். பக்கத்தில் ஒரு தக்கையில் நாலைந்து ஊசிகள் குத்தி நின்றன.

"இங்க யார் அண்ணி தையல் வேலை?"

"எல்லாரும்," என்றாள் அண்ணி. "ஒருத்தரைத் தவிர."

*

விசாரணைக் குழுவில் மூன்று பேர். ஒருவர் தலையாட்டுவதற்கு, ஒருவர் தூங்குவதற்கு. மூன்றாவது தலைவி. வெளியூர்ப் பேராசிரியை, ஓய்வு பெற்றவர், முதுகுவலிக்குத் தன் தலையணையைத் தானே கொண்டு வந்திருந்தார். அதைக் கூட்ட அறை நாற்காலியில் வைத்து உட்காரப் போன நேரத்தில் அண்ணி குறுக்கே வந்தாள்.

"அம்மா, அஞ்சு நிமிஷம் லேப்புக்கு வர முடியுமா? நாசம் எப்படி நடந்ததுன்னு நேர்ல பார்த்துட்டா அப்புறம் பேச்சே தேவைப்படாது. இயக்குநரே தன் கையால செஞ்சு காட்டறேன்னு சொல்லியிருக்கார்."

இயக்குநர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் 'தன் கையால' என்றதும் அவருக்குத் தோள் அகன்றுவிட்டது. கீழே அட்டையில் நிற்பதும் அந்தக் கைதானே.

"ஓ, தாராளமா. வெள்ளை கோட் எங்கே?"

வெள்ளை கோட் வந்தது. மடிப்புக் கலையாமல், கழுத்தில் கடைச்சீட்டோடு வந்தது. டானிக் அந்தச் சீட்டைக் கழற்றிக் கொடுத்தான். ஏனம்மாவையும் மேலே வரச் சொல்லியிருந்தாள் அண்ணி. அவள் கதவோரம் நின்றாள்.

"ஃப்ரீசர்லேர்ந்து ஒரு சிவப்பு மூடி, ஒரு வெள்ளை மூடி எடுத்துக்குங்க சார்," என்றாள் அண்ணி. "ரெண்டையும் கொதிக்க வெச்சுக் காட்டுங்க."

"மாமா, வேண்டாம்!" மாப்பிள்ளை முன்னால் வந்தார். "அபூர்வமான புரதம். இருக்கறதே நாலு. வீணாயிடும்."

"முப்பத்தாறு போச்சு மாப்பிள்ளை, ரெண்டு போனா என்ன? உண்மை வெளிய வரணும்."

"மாமா, எனக்காக..."

"இளகின மனசு," என்று கட்-அவுட் தலைவியிடம் பெருமையாகச் சொன்னார். பையிலிருந்து சாவியை எடுத்து ஃப்ரீசரைத் திறந்தார். இரண்டு குழாயையும் உள்ளங்கையில் வைத்து உறைந்தது இளகும்வரை உருட்டினார். இரண்டும் தண்ணீர் போலத் தெளிந்து நின்றன. பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. பிறகு நாடகக்காரர் போல ஒரு நொடி நிறுத்தி, இரண்டையும் கொதிக்கும் தொட்டியின் மிதவையில் செருகப் போனார்.

"ஐயோ! மூடியைக் குத்துங்க!"

கத்தியது தலைவி. கூடவே ஏனம்மாவும் கத்தினாள். மாப்பிள்ளையும் தன்னை அறியாமல் கத்தினார். தூங்குவதற்காக வந்திருந்தவர்கூட விழித்து, "குத்தாம போடறாரே!" என்றார்.

கட்-அவுட் முழித்தார். "என்ன குத்தணும்?"

அவர் கை அதற்குள் குழாய்களைச் செருகிவிட்டிருந்தது. அரை நிமிடம் ஆகவில்லை. 'டப்!' சிவப்பு மூடி துள்ளித் திறந்தது. 'டப்!' வெள்ளை மூடி. கட்-அவுட் ஒரு அடி பின்னால் குதித்தார். மடிப்புக் கலையாத கோட்டில் நாலு சொட்டுத் தெறித்தது.

"மூடின குழாயைச் சூடு பண்ணினா உள்ளே காத்து விரிஞ்சு மூடி பறக்கும்," என்றார் தலைவி எரிச்சலாக. "ஊசியால ஒரு ஓட்டை போட்டுட்டுத்தான் வைக்கணும். லேப்புக்கு வர்ற முதல் நாள் சொல்லிக் கொடுக்கறது. நீங்க கடைசியா எப்போ இங்கே நின்னு வேலை பார்த்தீங்க?"

"நிர்வாகப் பொறுப்பு..." என்று ஆரம்பித்தார் அவர்.

"நல்லாத் தெரியுது," என்றாள் அண்ணி. கண்ணாடிப் பெட்டியை டானிக் கொண்டு வந்து மேஜையில் வைத்தான். "அம்மா, இது ஞாயித்துக்கிழமை கொதிச்ச முப்பத்தாறு. ஒவ்வொரு மூடியாப் பார்த்துட்டேன். ஒண்ணுலயும் ஊசி ஓட்டை இல்லை. இருபத்திரண்டு பறந்து திறந்திருக்கு. இந்தப் பொண்ணு வாரம் தவறாம இந்தத் தொட்டியில வேலை பார்க்கறவ. கை தானா தக்கைக்குப் போகும். நாசம் பண்ணணும்னு வந்தாலும் குத்திட்டுத்தான் நாசம் பண்ணியிருப்பா. இந்த லேப்புல கால் வைக்கறவங்கள்ல குத்தத் தெரியாதவர் யாருன்னு இப்பத்தான் எல்லாரும் பார்த்தோம்."

கட்-அவுட்டின் முகம் சிவப்பு மூடிக்குப் போட்டியாக வந்தது. ஆனால் அவர் லேசில் விழுகிற ஆளில்லை.

"ஒரு ஓட்டையை வெச்சு என் மேல பழி போடறீங்களா? அவசரத்துல குத்த மறந்திருப்பா! மேடம், உங்களைக் கூப்பிட்டது நான். நாசம் ஆச்சா இல்லையா? அதைப் பாருங்க!"

"அதைத்தான் பார்க்கப் போறோம். அஞ்சு நிமிஷம் ஆச்சு. தம்பி, எடு."

டானிக் இடுக்கியால் இரண்டு குழாயையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

சிவப்பு மூடிக் குழாயில் அவித்த முட்டை. கெட்டியாக, வெள்ளையாக, கவிழ்த்தாலும் விழாமல் நின்றது.

வெள்ளை மூடிக் குழாயில் தண்ணீர். கொதிப்பதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படி. அதன் வழியாக ஜன்னல் கம்பியை எண்ணலாம்.

கட்-அவுட் அதையே பார்த்தார். "வெள்ளைக்குச் சரியா சூடு ஏறலை போல," என்றார். "இன்னும் கொஞ்சம் வைங்க."

கதவோரத்தில் ஒரு சத்தம். ஏனம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று டானிக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

"கொதிக்க வெச்சா நாசம் பண்ணினேன்னீங்க?" என்றாள். "இதைக் கொதிக்க வெச்சா? சார், இது திரியவே திரியாது! நாள் பூரா வெச்சாலும் திரியாது. அதனாலதானே நாங்க கொதிக்க வெக்கறதே. பாக்டீரியாவோட மத்த புரதம் எல்லாம் திரிஞ்சு அடியில போகும், இது மட்டும் தெளிவா மேல நிக்கும். இதைச் சுத்தம் பண்றதே அப்படித்தான்!"

"இந்தப் பொண்ணு சொல்றது சரி," என்றார் தலைவி மெதுவாக. பெட்டியில் திரிந்து கிடந்த முப்பத்தாறையும் இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். "அப்போ இது... இது எதுவுமே அந்தப் புரதம் இல்லை."

"அல்புமின்னு ஒரு பொடி இருக்காமே அம்மா. ஸ்டோர்ல அள்ள அள்ளக் கிடைக்குதாம்," என்றாள் அண்ணி. "நான் இருபத்திரண்டு வருஷம் கலப்படம் பிடிச்சவ. சிவப்பு மூடியில சொந்தமா கட்டி தட்டாத மட்ட சரக்கை ஊத்திட்டு, அதுல மருந்தைப் போட்டு, பாருங்க கட்டியே தட்டலைன்னு காட்டறது பெரிய கெட்டிக்காரத்தனம் இல்லை. தண்ணியில மருந்தைப் போட்டுட்டு, பாருங்க தயிராகலைன்னு சொல்ற மாதிரி. அதுக்குப் பன்னிரண்டு அடியில அட்டை வெச்சதுதான் புதுசு."

கட்-அவுட் மெல்ல மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். அவர் முகத்திலிருந்த கோபம் நிஜமானது. அன்று அவர் காட்டியதிலேயே அது ஒன்றுதான் நிஜம் என்று டானிக்குத் தோன்றியது.

"மாப்பிள்ளை. சிவப்புல என்ன ஊத்தினீங்க?"

மாப்பிள்ளை நான்கு நாளாக அடக்கி வைத்திருந்தது அவ்வளவும் ஒரே மூச்சில் வெடித்தது.

"நீங்க எதுக்கு மாமா அதைப் போய்க் கொதிக்க வெச்சீங்க? சாக்கடையில கொட்டியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? உடைச்சுப் போட்டிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? அவ மேல பழி போட வேற வழியே கிடைக்கலையா உங்களுக்கு? கொதிக்க வெச்சு, அதைக் கண்ணாடிப் பெட்டியில வேற வெச்சு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம்..."

அப்போதுதான் தான் பேசுவது தன் காதிலேயே விழுந்தது. நின்றார்.

தலையாட்டுவதற்காக வந்திருந்தவர் பேனாவைத் திறந்தார்.

"தலையாட்டற சார், குறிச்சுக்கிட்டீங்களா?" என்றான் டானிக். "ஒரே வாக்கியத்துல ரெண்டு வாக்குமூலம். ஒண்ணு மாமாவோடது, ஒண்ணு மாப்பிள்ளையோடது. குடும்பத்துல இப்படி ஒத்துமை அபூர்வம்."

"நான் உங்க மருந்துக்காகத்தானே மாமா பண்ணினேன்!" என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு. "வேலை செய்யலைன்னு உங்ககிட்ட வந்து யார் சொல்றது? சொன்னவளை என்ன பண்ணினீங்கன்னு பாருங்க!"

"என்னை ஏமாத்திட்டியேடா!" என்றார் கட்-அவுட். மரியாதை போய்விட்டது. "ஊர் முன்னாடி என்னைக் கோமாளி ஆக்கிட்டியே!"

"சார், அது அவர் பண்ணலை," என்றாள் அண்ணி. "அவர் பொடிதான் ஊத்தினார். அடுப்புல வெச்சது நீங்க. பொய்யை ஒரு அறையில பூட்டி வெச்சிருந்தார் அந்த மனுஷன். நீங்க அது உண்மைன்னு நம்பி, அதை அழிக்கப் போய், அது பொய்னு ஊருக்கே காட்டிட்டீங்க. ஒரு சின்னப் பொண்ணை விரட்டறதுக்கு. என் வேலையில நிறைய திருடனைப் பார்த்திருக்கேன். தன் வீட்டுக்குள்ளயே மாத்தி மாத்தித் திருடிக்கிட்டவங்களை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

தலைவி தன் தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இந்தப் பொண்ணு மேல இருக்கற குற்றச்சாட்டு ரத்து. கூட்ட அறைக்குப் போவோம். வேற ரெண்டு குற்றச்சாட்டு எழுத வேண்டியிருக்கு. அந்த மருந்தை நோயாளி யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு முதல்ல ஒரு கடுதாசி எழுதணும்." ஏனம்மாவைப் பார்த்தார். "உனக்கு என்னம்மா வேணும்? எழுத்துல மன்னிப்புக் கேக்கச் சொல்லவா?"

"அது வேண்டாம் மேடம். ஃப்ரீசர் சாவி வேணும்."

"ஏன்?" என்று கேட்டுவிட்டுத் தலைவியே சிரித்தார்.

"என் புரதம் உள்ளே இருக்கு. நாலு நாளா யாரும் கதவைத் திறந்து பார்க்கலை. பனி எவ்வளவு ஏறியிருக்கோ."

சாவி கட்-அவுட்டின் கையில்தான் இருந்தது. அவர் அதைக் கொடுக்காமல், மறுக்காமல், மறந்துபோனவர் மாதிரி நின்றார். டானிக் போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுத்துக் கொடுத்தான்.

அண்ணி பையிலிருந்து அந்தத் தட்டெழுதிய அறிக்கையை எடுத்தாள். 'நாசம் செய்தது மேற்படி மாணவியே' என்பதைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். மாமாவும் மாப்பிள்ளையும் கூட்ட அறை வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். கதவு சாத்திய பிறகும் கேட்டது. தப்பு உன்னுடையது என்று மாமா கத்தினார். தப்பு உங்களுடையது என்று மாப்பிள்ளை கத்தினார்.

ஏனம்மா ஃப்ரீசரின் முன்னால் மண்டியிட்டு, பனியைக் கையால் வழித்துவிட்டு, தன் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஒரு சந்தேகம்மா," என்றான் டானிக். "உன் கடுதாசியில, மருந்து வேலை செய்யலைன்னு பதினோரு தடவை சோதிச்சுப் பார்த்ததா எழுதியிருந்தியாம். அண்ணி சொன்னாங்க. முதல் தடவையே தெரிஞ்சு போச்சே, எதுக்குப் பதினோரு தடவை?"

அவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"முதல் பத்து தடவையும் தப்பு என்னோடதுன்னு நினைச்சேன் சார்."